கியர்ப்பெட்டி போய்விட்டதாம்!

சென்ற திங்கள் இப்பகுதியில் பாட்டரியைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த சாலைக் கடைவீதி அண்ணாச்சி ஒருவர், ஞாயிறு காலையில் நம் குவார்ட்டர்ஸ் வாயிலில் ஆட்டோவில் வந்திறங்கினார். இளமையில் வந்த வாதத்தால் இடக்கால் சூம்பியவர் அவர். கிளட்ச் மிதிக்க இயலாதாகையால், பதினைந்து ஆண்டுப் பழைய தானியங்கி கியர்க் கார் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, கடைக்கும் வீட்டிற்கும், மாதம் ஒரு முறை நாகர்கோவிலுக்கும் பிறர் துணையின்றிச் சென்றுவருபவர். வண்டி எங்கே என்று வினவினோம்.

"கியர்ப்பெட்டி போய்விட்டதாம், தம்பி. பிரித்துக் கட்ட எழுபதாயிரம் கேட்கிறார்கள். விற்றாலும் அவ்வளவு தேறாது. மகளுக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டிய மாதமும் இதுதான்."

"எண்ணெயைப் பார்த்தார்களா?"

"ஓட்டிப் பார்த்தார்கள். ஓட்டிப் பார்த்துத்தான் சொன்னார்கள்."

நாம் ரயில்வேயில் பேனா பிடிப்பவரே, மெக்கானிக் அல்லோம். ஆயினும் எண்ணெயைப் பாராமல் இவ்வகைப் பெட்டிக்கு மரணச் சான்றிதழ் எழுதுவது முறையன்று என்பதை அறிவோம். காரணம் இதுதான். இவ்வண்டிகளில் எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் இணைப்பது எண்ணெய். இரு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓட்டினால், அதன் காற்றால் மற்றதும் சுழலுமன்றோ? காற்றுக்குப் பதில் எண்ணெய் என்று கொள்க. ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்னும் ஜெர்மானியர் 1905-இல் கப்பல்களுக்காக இதற்கு உரிமை பெற்றார். அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் கார்கள் 1940-ஆம் ஆண்டு மாடலிலேயே முழுத் தானியங்கி கியருடன் வந்தன. நம் ரயில்வேயும் இதில் பின்தங்கியதன்று. டீசல் எஞ்சின்களுக்கென இவ்வழியிலேயே ஒரு விசைமாற்றியை வகுத்த ரயில்வேப் பொறியாளர் மன்மோகன் சூரி, 1962-இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு பெற்றார். (ரயில்வேக்காரர் இதைச் சொல்லாமல் விடுவோமா!)

விசையைக் கடத்துவதும், உள்ளிருக்கும் கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும், சூட்டை வெளியேற்றுவதும் அவ்வெண்ணெயே. ஆகவே எண்ணெய் குறைந்தால் நல்ல பெட்டியும் செத்ததுபோல் நடிக்கும். கோலை 'டி'-யில் இட்டபின் இரண்டு மூன்று விநாடி சென்றே வண்டி அசையும். பாளையத்திலிருந்து பட்டம் செல்லும் வழியிலுள்ள பி.எம்.ஜி. மேட்டில் எஞ்சின் இரையும், வண்டி ஏறாது. அண்ணாச்சி கூறிய குறிகளும் இவையே.

அன்று மாலையே சென்று பார்த்தோம். பார்க்கும் முறை இது: வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிச் சூடேற்றி, சமதரையில் நிறுத்தி, பிரேக்கை அழுத்தியவாறே கோலை எல்லா நிலைகளுக்கும் மெல்ல நகர்த்தி, மீண்டும் 'பி'-க்குக் கொணர வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதே அளவுக்கம்பியை உருவித் துடைத்து, மறுபடி இட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். ஹோண்டா வண்டிகள் பலவற்றில் எஞ்சினை நிறுத்திய உடனே பார்ப்பது முறை. கையேட்டில் உள்ளதே இறுதி. அளவுக்கம்பியே இல்லாத வண்டிகளும் உண்டு. அவற்றை மேலே தூக்கித்தான் பார்க்க முடியும்.

எண்ணெயை வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள். சிவப்பாயின் நலம். சற்றே பழுப்பேறியிருப்பின் மாற்றும் காலம் வந்துவிட்டது. கறுத்துத் தீய்ந்த நாற்றமடித்தால் தட்டுகள் தேய்ந்துவிட்டன. அப்போது அந்த எழுபதாயிரம் பொய்யன்று. பால் கலந்த இளஞ்சிவப்பாயின் உள்ளே தண்ணீர் புகுந்துள்ளது. 2023 அக்டோபரில் நம் நகரம் வெள்ளத்தில் மூழ்கியதை எவரும் மறந்திருக்கமாட்டீர். அத்தகைய நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், இழுவை வண்டியின் மேலேற்றியே கொண்டுசெல்க. முன்சக்கரங்கள் தரையில் உருள இழுத்துச் சென்றாலும் பெட்டிக்குக் கேடு.

அண்ணாச்சியின் வண்டியில் கம்பியின் கீழ்க்கோட்டைக்கூட எண்ணெய் எட்டவில்லை. நிறம் பழுப்பு, தீய்ந்த வாடையில்லை. ரேடியேட்டருக்குச் செல்லும் ரப்பர்க் குழாயின் இணைப்பில் ஈரமும் புழுதியும் சேர்ந்து அடை தட்டியிருந்தது. கரமனைப் பக்கம் சிறு பட்டறை வைத்திருக்கும் மலையாளி அன்பர் ஒருவர் குழாயையும் கிளிப்புகளையும் மாற்றி, எண்ணெய் நிரப்பி, மூவாயிரத்து எண்ணூறு ரூபாய் வாங்கினார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மொழி சரளமாய் வராத நம்மவர் உதிரிபாகக் கடையில் 'கியர் ஆயில்' என்று மட்டும் கேட்டுவிடுகிறார்கள். கிடைப்பது சாதாரண கியர்ப்பெட்டிக்குரிய தடித்த எண்ணெய். அது இதற்கு நஞ்சு. 'ஏ.டி.எஃப்.' என்று கேட்பதோடு, கையேட்டில் கண்ட வகையையும் கூறுங்கள். பழைய ஹூண்டாய்களுக்கு 'எஸ்.பி. மூன்று', பழைய ஹோண்டாக்களுக்கு 'இசட் ஒன்று' அல்லது பின்னர் வந்த 'டி.டபிள்யூ. ஒன்று' எனத் தனித்தனி உண்டு. சி.வி.டி. வண்டிக்குரியது வேறு. 2014-இல் செலேரியோவோடு மாருதி கொணர்ந்த ஏ.எம்.டி. முறையோ, சாதாரண கிளட்ச்சை யந்திரமே மிதிப்பது. இங்குக் கூறியவை அதற்குப் பொருந்தா.

பெட்டியின் தலையில் வீணே சுமத்தப்படும் வேறு பழிகளும் உள. கோல் 'பி'-யை விட்டு நகரவில்லையா? பிரேக் மிதித்தால் பின்விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிடில் ஃபியூஸோ பிரேக் சுவிட்ச்சோ பழுது. 'டி'-யில் இடும்போது 'தட்' என்று உதைக்கிறதா? எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் கிழிந்திருக்கலாம். வண்டி மூன்றாம் கியரிலேயே நின்றுகொண்டு மாற மறுக்கிறதா? கம்பியூட்டர் பெட்டியைக் காக்கிறது. முதலில் பாட்டரியின் வலுவையும் மின் இணைப்புகளையும் சோதித்து, பிறகு ஸ்கேனரில் பிழைக்குறியைப் படிக்கச் சொல்லுங்கள்.

மேடு பள்ளம் மிகுந்த நம் நகருக்கு இன்னும் ஒன்று. சிக்னலில் ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்ஸிலரேட்டரால் வண்டியைத் தாங்கி நிறுத்துவோரைக் காண்கிறோம். எண்ணெய் கொதிப்பதற்கு அதனினும் எளிய வழியில்லை. பிரேக்கை மிதியுங்கள். சரிவில் நிறுத்தி இறங்கும்போது முதலில் கைபிரேக், பிறகே 'பி'. இன்றேல் வண்டியின் பாரம் முழுவதும் உள்ளேயுள்ள ஒரு சிறு கொக்கியின்மேல் விழும்.

அண்ணாச்சியின் வண்டி முற்றும் குணமாகிவிட்டது என்று எழுத நமக்குத் துணிவில்லை. குளிர்ந்த காலைகளில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது மெல்லிய உதறல் இருக்கிறது. எண்ணெய் குறைந்து ஓடிய நாள்களில் தட்டுகள் சிறிது தேய்ந்திருக்கும். எண்ணெயை அடுத்த திங்கள் மறுபடி வடித்து மாற்றச் சொல்லியிருக்கிறோம். ஒரு முறை வடித்தால் பாதியளவே வெளிவரும். மகளின் கல்லூரிப் பணத்தைக் கெடு தேதிக்கு முன்பே கட்டிவிட்டார். இரவில் வண்டியின் அடியில் பழைய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்துவைத்து, காலையில் கடைக்குப் புறப்படுமுன் குனிந்து பார்க்கிறார். இதுவரை சிவப்புத் துளி ஒன்றும் விழவில்லை.