பள்ளி வாசல் செடிகளின் அநாதை இல்லமா?



பள்ளி விடுமுறை முடிந்து திரும்பிய முதல் நாள் காலை, எங்கள் பள்ளி நுழைவாயிலருகே இருபத்து மூன்று பூச்சட்டிகள் வரிசையாக நின்றன. யார் வைத்தார் என்பதற்கு ஒரு சீட்டும் இல்லை. மாலையில் ஒரு பெற்றோர் தொலைபேசியில் அழைத்தார். "வீட்டு முன்புறம் முழுதும் சிமெண்டு போடுகிறோம், சார். வீசுவதற்கு மனம் வரவில்லை. அதனால் பள்ளிக்கு நன்கொடையாகக் கொடுத்துவிட்டோம்" என்றார். நானும் நன்றி கூறினேன். அச்சட்டிகளை ஒருமுறையேனும் உற்றுப் பார்த்த பின் அந்நன்றியைக் கூறியிருக்க வேண்டும்.

அவற்றுள் எட்டுச் சட்டிகளில் இருந்தவை டைபன்பாக்கியா. பச்சை இலையில் வெண்புள்ளிகள் தெளித்த, பார்வைக்கு அழகான செடி. அதன் தண்டிலும் இலையிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் நிறைந்துள்ளன. சரியாக வேகாத சேம்பை உண்டால் தொண்டை அரிப்பதும் இதே பொருளால்தான். மூன்றாம் நாள் இடைவேளையில் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் அதன் தண்டை ஒடித்துக் கடித்துவிட்டான். உதடும் நாக்கும் வீங்கி, எச்சில் வழிய, பேச இயலாமல் அவன் என்னிடம் ஓடி வந்த காட்சி இன்னும் கண்ணை விட்டு அகலவில்லை. மருத்துவரிடம் கொண்டு சென்றோம், மறுநாள் தேறிவிட்டான். அவன் தாயார் என்னைக் கேட்ட கேள்விக்கு மட்டும் இன்றுவரை என்னிடம் விடையில்லை: "தெரியாத செடியை ஏன் சார் பிள்ளைகள் ஓடுற இடத்துல வெச்சீங்க?"

சட்டிகளின் அடித்தட்டுகளிலோ விடுமுறை மழைநீர் தேங்கியிருந்தது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வெளிவர ஒரு வாரமளவே போதும். 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி, சுகாதார அதிகாரிகள் வந்தால் பதில் கூற வேண்டியவர் அவ்விடத்தின் பொறுப்பாளர், நன்கொடையாளர் அல்லர்!

இதை நன்கொடை என்று அழைக்க நான் மறுக்கிறேன். குப்பை லாரிக்குப் பதிலாகத் தமிழ்ப்பள்ளி. பழைய அலமாரி, உடைந்த நாற்காலி, ஓடாத கணினி. அந்த வரிசையில் இப்போது செடி. நமக்கு வேண்டாதது பள்ளிக்குப் போதும் என்னும் மனப்பான்மையைத்தான் நான் வெறுக்கிறேன்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபின், வீட்டில் அடைந்து கிடந்தோர் பலர் செடி வளர்க்கத் தொடங்கினர். கெலாடி இலைக்கு அன்று கொடுத்த விலையை நினைத்தால் சிரிப்பு வருகிறது. அலுவலகம் திறந்ததும் ஆர்வம் வற்றியது; செடிகளோ உயிரோடிருந்தன.

நான் வளர்ந்த தோட்டப்புற லயன் வீடுகளிலும் செடிகள் கைமாறின. பக்கத்து வீட்டுப் பாட்டி கறிவேப்பிலை வேர்க்கன்றைத் தாய்மண்ணோடு பெயர்த்துத் தரும்போதே, "வெயில் படுற இடமா வை, மொதல்ல ரொம்பத் தண்ணி ஊத்தாதே" என்பார். பத்து நாள் கழித்து வேலியோரம் வந்து எட்டியும் பார்ப்பார். செடியோடு அதன் செய்தியும் வந்தது.

ஆகவே முதலில் கேளுங்கள். செடியின் பெயரை எழுதிக் கட்டுங்கள். இலையின் அடிப்புறத்தைப் பாருங்கள். எலுமிச்சை வகை மரங்களுக்குப் பச்சையாதல் நோயைக் கொண்டு செல்லும் சிறு பூச்சி கறிவேப்பிலைத் துளிரிலும் தங்கும். செம்பருத்தி மரமாகிவிட்டதா? வேரோடு பெயர்க்க வேண்டியதில்லை. முற்றிய கிளைகளை ஒரு சாண் அளவில் வெட்டி ஊன்றித் தாருங்கள். மாமியார் நாக்கையும் பண்டானையும் பிரித்தால் நான்கு வீடுகளுக்கு ஆகும். குளத்து ஆகாயத்தாமரையை மட்டும் எவருக்கும் தராதீர்கள், ஆற்றிலும் விடாதீர்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த அது நம் நீர்நிலைகளை அடைத்தது போதும். வெயிலில் காயவைத்து உரமாக்குங்கள்.

ஆசிரியர்களாகிய நாமும் உத்தமர்கள் அல்லர். பசுமைப் போட்டிக்கு நடுவர் வரும் வாரம் சட்டிகளை அடுக்கிப் படமெடுத்து, அடுத்த வாரம் மறந்து போகிறோம்.

அந்த எட்டுச் செடிகளையும் கையுறை அணிந்து நானே அகற்றினேன். சிறுபிள்ளைகள் இல்லாத ஒரு நண்பர், எச்சரிக்கையைக் கேட்டறிந்தே அவற்றைப் பெற்றுக்கொண்டார். மீதிப் பதினைந்தில் ஆறு அழுகிவிட்டன. ஒன்பது இருக்கின்றன: நான்கு செம்பருத்தி, மூன்று பண்டான், இரண்டு கற்றாழை. வேண்டுவோர் சனிக்கிழமை கூட்டுப்பணிக்கு வாருங்கள். உங்கள் வீட்டில் எவ்வளவு வெயில் விழும் என்று கேட்டுவிட்டுத்தான் தருவேன்.