தம் சீமைக்கே குத்தகைதாரர்

ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் பெயரைக் கேட்டவுடன், ‘அது நாம் ஆண்ட காலம்’ என்று பெருமூச்செறிவோர் நம் சமுதாயத்தில் இன்றும் உளர். அதே பெயரைச் சொல்லி, ‘அவர்கள் ஆண்டபோது குடிகள் பட்ட பாட்டைப் பாரீர்’ என நம்மீது குற்றஞ்சாட்டுவோரும் உளர். இரு சாராரும் நிற்பது ஒரே பொய்யின் மீதுதான். ஆட்சி எவர் கையில் இருந்தது என்பதற்குச் செங்கற்பட்டுச் சீமையின் கதையே சாட்சி.

1752இல் கோவளம் கோட்டையையும் செங்கற்பட்டுக் கோட்டையையும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கிளைவ் கைப்பற்றினான். போர் முஹம்மது அலியின் பெயரால் நடந்தது, நடத்தியது கும்பினி, செலவு நவாபின் பற்றில் ஏறியது. 1763இல் மாமல்லபுரக் கடற்கரை உள்ளிட்ட செங்கற்பட்டுச் சீமையை அவர் கும்பினிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தார். 1765இல் ஷா ஆலம் அதனை உறுதி செய்தார். அதன்பின் நடந்ததுதான் வேடிக்கை. கும்பினி அதே சீமையை நவாபுக்கே குத்தகைக்கு விட்டது! 1780 வரை அவர் தாம் கொடுத்த மண்ணுக்குத் தாமே குத்தகைதாரர். இதையா நாம் ஆண்ட காலம் என்பது?

பேரரசுகளுக்கு இது பழகிய வித்தை. டான்யூப் நதிக்கப்பால் வாழ்ந்த குவாடி என்னும் ஜெர்மானியருக்கு ரோமாபுரி அரசர்களை நியமித்தது. கி.பி. 140ஐ ஒட்டி அந்தோனினஸ் பயஸ் வெளியிட்ட நாணயத்தில், ‘குவாடிகளுக்கு அளிக்கப்பட்ட மன்னன்’ என்றே பொறித்தான். ஒளிவு மறைவில்லை. அவனுக்கு முன்பே, கி.பி. 19இல் அமர்த்தப்பட்ட வன்னியஸ் முப்பதாண்டுகள் அரசாண்டான்; சொந்த மக்களே எழுந்து துரத்தியபோது ரோமாபுரி அவனுக்காகப் படை அனுப்பவில்லை; தங்க இடம் மட்டும் தந்தது.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அத்தகைய அரசர்களை ரோமாபுரி பெரும்பாலும் பணங்கொடுத்துத் தாங்கியதாகத் தாசிட்டஸ் எழுதுகிறார். இங்கோ, பணங்கொடுத்தவர் நவாப். கும்பினியின் படைக்குக் கொடுக்கக் கும்பினியின் ஊழியர்களிடமே வட்டிக்கு வாங்கினார். ஈடாக ஊர்களின் வரி வருவாயை ஒப்படைத்தார். பால் பென்ஃபீல்டு போன்றோர் கொழுத்தது இவ்வாறுதான். 1785இல் எட்மண்டு பர்க் இலண்டன் பாராளுமன்றத்தில் இக்கடன்களைக் கிழித்துக் காட்டினார். 1805க்குப் பின் அமைந்த விசாரணைக் குழுவின் முன் கடன்காரர் கோரியது ஏறத்தாழ 3 கோடி பவுன். அதில் பத்தில் ஒரு பங்குகூட மெய்க்கடனாகத் தேறவில்லை.

வாலாஜா வள்ளல் அல்லவா என்பர். திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலை நாம் மறுக்கவில்லை. கொடை வேறு, கோன்மை வேறு. ஈடு வைக்கப்பட்ட ஊர்களில் ஏர் பிடித்தவனின் களத்து நெல்லுக்கு அந்தப் பள்ளிவாசல் பதிலாகாது.

குற்றஞ்சாட்டும் அன்பர்களுக்கும் ஒன்று சொல்வோம். 1780இல் இச்சீமையைத் தீக்கிரையாக்கி வந்த ஹைதர் அலி எந்த மார்க்கத்தவர்? அந்த ஆண்டு செப்டம்பர் 10இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் அவர் படை முறியடித்தது எவருடைய பட்டாளத்தை? நவாபையும் ஹைதரையும் ‘முஸ்லிம் ஆட்சி’ என்ற ஒரே மூட்டையில் கட்டுவோர் இதற்கு விடை சொல்லட்டும்.

நம்மவருக்கு அந்தக் குடும்பத்தில் ஒருவரைப் போற்றியே தீரவேண்டுமெனில், வாலாஜாவின் பேரர் அலி ஹுசைன் இருக்கிறார். 1801 ஜூலையில் தந்தை உம்தத்துல் உமரா மறைந்ததும், நாட்டின் நிர்வாகம் முழுவதையும் ஒப்படைத்தால் பட்டம் உண்டு என்றது கும்பினி. இளைஞர் மறுத்தார். கும்பினி அஸீமுத்தௌலாவை அழைத்தது. அவர் வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கையொப்பமிட்டு நவாபானார். அலி ஹுசைன் மறு ஆண்டே, பட்டமின்றி மறைந்தார்.