சென்சாரில் நிறம் இல்லை

லைக்கா எம்9 கேமரா எடுத்த படங்களில் ஓர் உயிர் இருந்தது, அந்த உயிர் அதன் சிசிடி சென்சாரில் இருந்தது, சிமாஸ் சென்சார் வந்ததும் அது போய்விட்டது. விலை உயர்ந்த கேமராக்களைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் இவ்வளவு ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை வேறொன்று இல்லை. பத்து ஆண்டுகளுக்கும் மேலாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இதன் வழியில் பிறந்த நம்பிக்கைகளும் உண்டு. ஃபுல் ஃப்ரேமைவிடப் பெரிய மீடியம் ஃபார்மட் சென்சாருக்கு மட்டும் தனி 'லுக்' உண்டு என்பார்கள். ஃபுல் ஃப்ரேம் வாங்கினால்தான் முகம் பின்னணியிலிருந்து பிரிந்து நிற்கும் என்பார்கள். 2000களில் வந்த சின்ன டிஜிட்டல் கேமராக்களை இன்று கல்லூரிப் பிள்ளைகள் தேடித்தேடி வாங்குவதற்கும் 'சிசிடி கலர்' என்ற பேச்சு ஒரு காரணம். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான்: படத்தின் குணம் சென்சாரிலிருந்து வருகிறது. இந்த எண்ணம் தவறு. வாங்குகிறவரின் பணத்தை வீணாக்கும் தவறு, படம் எடுக்கிறவரின் கண்ணை வேறு பக்கம் திருப்பிவிடும் தவறு.

எம்9 வெளிவந்தது 2009 செப்டம்பரில். 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள, அதாவது ஃபுல் ஃப்ரேம், சென்சார் கொண்ட முதல் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் அதுதான். உள்ளே இருந்தது கோடாக் செய்த 18 மெகாபிக்சல் சிசிடி. மூன்றாண்டு கழித்து, 2012இல், லைக்கா அடுத்த எம் மாடலை அறிவித்தது. அதில் பெல்ஜியத்தின் சிமோசிஸ் நிறுவனம் வடிவமைத்த 24 மெகாபிக்சல் சிமாஸ் சென்சார். புதியதை வாங்கியவர்களில் பலர் பழையதன் நிறத்துக்காக ஏங்கத் தொடங்கினார்கள். அவர்கள் வித்தியாசத்தைக் கண்டது பொய்யில்லை. இரண்டு கேமராக்களின் படங்களும் ஒன்றுபோல் இருக்கவில்லை. ஆனால் காரணத்தைத் தேடியவர்கள் கையில் கிடைத்த முதல் பெயர்ப்பலகையைப் பிடித்துக்கொண்டார்கள். அதில் எழுதியிருந்தது சிசிடி.

சிசிடி, சிமாஸ் இரண்டிலும் ஒளியை வாங்குவது சிலிக்கன்தான். ஃபோட்டான் விழுந்தால் எலெக்ட்ரான் பிறக்கும். அதுவரை இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. பிறந்த மின்னூட்டத்தை எப்படி எடுத்துப் படிப்பது என்பதில்தான் வழி பிரிகிறது. மழைநீர் நிறைந்த குடங்களைக் கைமாற்றிக் கைமாற்றி வாசலுக்குக் கொண்டுவந்து ஒரே இடத்தில் அளப்பது சிசிடி. குடம் வைத்த இடத்திலேயே அளந்து கணக்கை மட்டும் வாசலுக்கு அனுப்புவது சிமாஸ். அளக்கும் முறையால் தண்ணீரின் சுவை மாறுவதில்லை.

சிலிக்கனுக்கு நிறம் தெரியாது என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. சிவப்பு ஃபோட்டானால் பிறந்த எலெக்ட்ரானுக்கும் நீல ஃபோட்டானால் பிறந்த எலெக்ட்ரானுக்கும் எந்த அடையாளமும் கிடையாது. நிறத்தைப் பிரிப்பது சிலிக்கனுக்கு மேலே படிந்திருக்கும் சாயப் படலம். கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் உருவாக்கிய, 1976இல் காப்புரிமை பெற்ற அந்தக் கட்டமைப்பில் பாதிக் கட்டங்கள் பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம். அந்தச் சாயத்தின் தன்மை, அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி, எண்களை நிறமாக மாற்றும் புரொஃபைல், வெள்ளைச் சமநிலை, கான்ட்ராஸ்ட் வளைவு ஆகியவை சேர்ந்துதான் நாம் 'கேமராவின் கலர்' என்று சொல்வதை உண்டாக்குகின்றன.

இதற்கு லைக்காவே சாட்சி வைத்திருக்கிறது. 2012இல் வந்த எம் மோனோக்ரோம் கேமராவில் இருந்தது எம்9இன் அதே 18 மெகாபிக்சல் கோடாக் சிசிடி. சாயப் படலத்தை மட்டும் நீக்கியிருந்தார்கள். அந்தக் கேமரா கறுப்பு வெள்ளை தவிர வேறெதையும் எடுக்காது. உலகம் கொண்டாடும் 'சிசிடி நிறம்' சிசிடியில் இருந்திருந்தால் மோனோக்ரோமில் அது எங்கே போயிற்று?

இன்னும் முந்தைய சாட்சி 2006இல் வந்த எம்8. அதிலும் கோடாக் சிசிடிதான். சென்சாரின் மேல் மிக மெல்லிய கண்ணாடி வைத்ததால் அகச்சிவப்பு போதிய அளவு தடுபடவில்லை. செயற்கை இழைத் துணியில் தைத்த கறுப்புக் கோட்டுகள் படத்தில் ஊதா நிறத்தில் வந்தன. வாங்கியவர்களுக்கு லென்ஸ் முன்னால் மாட்டிக்கொள்ள இரண்டிரண்டு ஃபில்டர்களை லைக்கா இலவசமாக அனுப்பியது. மாட்டியதும் கறுப்பு கறுப்பாயிற்று. சென்சாரை யாரும் தொடவில்லை.

மூன்றாவது சாட்சி சினிமாவிலிருந்து வருகிறது, அதுவே இந்த நம்பிக்கைக்குப் பெரிய அடி. டிஜிட்டலில் ஃபிலிமுக்கு மிக அருகில் வந்த கேமரா எது என்று ஒளிப்பதிவாளர்களைக் கேட்டால் பெரும்பாலோர் சொல்வது மியூனிக்கின் ஆரி நிறுவனம் 2010இல் கொண்டுவந்த அலெக்ஸா. ராபர்ட் ரிச்சர்ட்சனுக்கு ஆஸ்கர் பெற்றுத்தந்த 'ஹ்யூகோ' அதில் எடுத்தது. ரோஜர் டீக்கின்ஸின் 'ஸ்கைஃபால்' அதில் எடுத்தது. அலெக்ஸாவின் சென்சார் சிமாஸ். ஃபிலிம் போன்ற நிறத்துக்குச் சிசிடி வேண்டும் என்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று இதுவரை நான் கேட்டதில்லை.

அப்படியானால் எம்9 படங்கள் ஏன் நன்றாக இருந்தன? என் கணிப்பு இது. எம்9இன் அடிப்படை ஐஎஸ்ஓ 160. உச்சம் 2500, அந்த எல்லையை நெருங்கும்போதே நாய்ஸ் தலைகாட்டும். ஆகவே அதை வைத்திருந்தவர்கள் நல்ல வெளிச்சத்தில் எடுத்தார்கள். காலை வெயில், ஜன்னல் ஒளி, மாலை நிழல். அடுத்த கேமரா 6400 வரை போனதும் அதே ஆட்கள் இரவுக் கடைத்தெருவுக்கும் மலிவான எல்இடி விளக்கு எரியும் உணவகத்துக்கும் போனார்கள். அங்கே ஒளியிலேயே நிறங்கள் குறைபட்டிருக்கும்போது எந்தச் சென்சாரும் தோலின் நிறத்தைச் சரியாகத் தராது. ஒளியின் பெருமையைச் சிசிடிக்கும் ஒளியின் குறையைச் சிமாஸுக்கும் எழுதிவிட்டார்கள். இதோடு எம்9 ஃபைலைத் திறந்ததும் கிடைக்கும் கான்ட்ராஸ்ட் அழுத்தமானது, நிறம் அடர்த்தியானது. அது புரொஃபைலின் வேலை. சாயப் படலங்களுக்குள் உண்மையான வேறுபாடு உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சில துணி நிறங்களையும் சில பூக்களையும் எவ்வளவு திருத்தினாலும் ஒரு கேமராவை இன்னொன்றின் அருகே முழுமையாகக் கொண்டுவர முடியாது. ஆனால் அந்தச் சாயத்தைச் சிமாஸ் மேலும் பூசலாம். சிசிடிக்கென்று பிறந்த சாயம் எதுவுமில்லை.

மீடியம் ஃபார்மட் கதைக்கு வருகிறேன். பென்டாக்ஸ் 645ஸட், ஹாசல்பிளாட் எக்ஸ்1டி, ஃபியூஜி ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் மூன்றிலும் இருப்பது சோனி செய்த, 44×33 மி.மீ. அளவுள்ள ஒரே குடும்பத்து 50 மெகாபிக்சல் சென்சார். இந்த மூன்றின் படங்களுக்கும் தனித்தனிக் குணம் உண்டென்று அவற்றை வைத்திருப்பவர்கள் அடித்துச் சொல்வார்கள். சரிதான். சென்சார் ஒன்றாயிருக்க குணம் மூன்றாக இருந்தால் குணம் எங்கிருந்து வந்தது?

முகம் பின்னணியிலிருந்து பிரிந்து நிற்பது சென்சாரின் வரம் என்கிறவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரே இடத்தில் நின்று ஒரே காட்சியை ஒரே அளவில் கட்டம் கட்டினால், பின்னணி எவ்வளவு கலங்கும் என்பதைத் தீர்மானிப்பது லென்ஸில் ஒளி நுழையும் துவாரத்தின் விட்டம். ஃபியூஜியின் புகழ்பெற்ற 110 மி.மீ. எஃப்/2 லென்ஸில் அது 55 மி.மீ. அதே கோணத்தை ஏறக்குறைய அப்படியே காட்டும் ஃபுல் ஃப்ரேமின் 85 மி.மீ. எஃப்/1.4 லென்ஸில் அது 61 மி.மீ. 'சின்ன' சென்சார் கொண்ட கேமராவில்தான் பின்னணி அதிகம் கலங்கும். முகத்தின் பரிமாணம் மாறுவதும் நீங்கள் நிற்கும் தூரத்தால் மட்டுமே, சென்சாரால் அல்ல. மீடியம் ஃபார்மட்டின் பெருமை 6×6, 6×7 செ.மீ. ஃபிலிம் காலத்தில் பிறந்தது. இன்றைய 44×33 சென்சாரின் பரப்பு 6×6 ஃபிலிமின் பரப்பில் பாதிகூட இல்லை. அந்தப் பெயருக்கான மரியாதையை இந்தச் சென்சாருக்கு எழுதிவைத்து விற்கிறார்கள்.

சென்சாரால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. பரப்பு கூடினால் சேரும் ஒளி கூடும், நாய்ஸ் குறையும். நல்ல சென்சார் நிழலிலும் வெளிச்சத்திலும் விவரத்தைக் காப்பாற்றும். பெரிய பிரிண்ட் போடுகிறவருக்கு மெகாபிக்சல் வேண்டும். இன்னொன்றும் உண்டு, அதுதான் லென்ஸும் சென்சாரும் உண்மையாகவே சந்திக்கும் இடம். பழைய ரேஞ்ச்ஃபைண்டர் வைட் லென்ஸ்களின் கடைசிக் கண்ணாடி ஃபிலிமுக்கு மிக அருகில் உட்காரும். ஓரங்களுக்கு ஒளி மிகவும் சாய்ந்து வரும். சென்சாரின் மேல் தடித்த கண்ணாடி இருந்தால் அந்தச் சாய்ந்த ஒளி விலகி, படத்தின் ஓரம் குழம்பிப்போகும். அதனால்தான் லைக்கா தன் சென்சார்களின் மேல் மெல்லிய கண்ணாடி வைத்து, ஓரப் பிக்சல்களின் மைக்ரோலென்ஸ்களை நடுப்பக்கம் நகர்த்தியும் வைக்கிறது. அதே லென்ஸை சோனி பாடியில் அடாப்டரோடு மாட்டிப் பார்த்து லென்ஸைத் திட்டியவர்கள் பலர். இவை அளந்து பார்க்கக்கூடிய, காரணம் தெரிந்த விஷயங்கள். இவற்றில் 'உயிர்' என்று எதுவுமில்லை.

குணம் வசிக்கும் இடம் லென்ஸ். அங்கேயும் அது மந்திரமல்ல. வடிவமைத்தவர் திருத்தாமல் விட்ட, அல்லது திருத்த முடியாமல் போன பிழைகளின் தொகுப்பு அது. 1960களில் வந்த லைக்கா சம்மிலக்ஸ் 35 மி.மீ. எஃப்/1.4 லென்ஸை முழுதாகத் திறந்து எடுத்தால் விளக்குகளைச் சுற்றி ஒரு மென்மையான ஒளிப்படலம் பரவும். லென்ஸின் ஓரத்தில் நுழையும் ஒளியும் நடுவில் நுழையும் ஒளியும் ஒரே இடத்தில் குவியாத கோளப் பிழையால் வருவது அது. அப்பர்ச்சர் வளையத்தை எஃப்/5.6க்குத் திருப்புங்கள். அதே கேமரா, அதே சென்சார், ஒளிப்படலம் மறைந்துவிடும். ஸைஸ் பியோட்டாரைத் தழுவி சோவியத்தில் செய்த ஹீலியோஸ் 44இன் பின்னணி சுழல்வதற்குக் காரணம், ஓரங்களில் ஒளிக்கற்றையை லென்ஸின் குழல் பூனைக்கண் வடிவில் வெட்டுவதும் குவியும் தளத்தின் திருத்தப்படாத வளைவுமே. நிக்கான் 1990களில் விற்ற டிசி லென்ஸ்கள் இன்னும் தெளிவான பாடம். அவற்றில் தனி வளையம் ஒன்று இருக்கும். அதைத் திருப்பினால் அந்தக் கோளப் பிழையின் அளவு மாறும், பின்னணியின் கலங்கல் மென்மையாகவோ கடினமாகவோ ஆகும். குணத்தைக் கையால் திருப்பிப் பார்க்க முடிந்தது.

சினிமாக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அலெக்ஸா 65இன் பெரிய சென்சார், சாதாரண அலெக்ஸாவின் மூன்று சென்சார்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியதற்குச் சமம். அந்தக் கேமராவில் 'ரோக் ஒன்' எடுத்த கிரெய்க் ஃப்ரேசர் அதன் முன்னால் மாட்டியது அல்ட்ரா பானவிஷன் 70 லென்ஸ்களை, அரை நூற்றாண்டுக்கு முந்தைய வடிவங்களை. சென்சாரில் குணம் இருந்தால் அவர் அவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் புகைப்படக்காரர்களின் லென்ஸ்கள் இதே காலத்தில் எதிர்த்திசையில் போயின. பிழைகள் அனைத்தும் களையப்பட்டன, மீதியைக் கேமராவின் மென்பொருள் திருத்தியது. படங்கள் ஒன்றுபோல் ஆகத் தொடங்கின. சிமாஸ் வந்ததும் அதே ஆண்டுகளில். பழி சென்சார் மேல் விழுந்தது.

இந்தப் பழியின் விலையைக் கொடுப்பவர்கள் யார்? எம்9ஐ இன்று பழைய சந்தையில் தேடி வாங்குகிறவர்கள். அதன் சிசிடியின் மேலுள்ள கண்ணாடி அரிபடக்கூடியது. 2014 இறுதியில் லைக்கா அதை ஒப்புக்கொண்டு இலவசமாக மாற்றித்தர முன்வந்தது, அந்தச் சலுகை முடிந்து ஆண்டுகள் ஆகின்றன. நிறத்துக்காகப் பெரிய தொகை கொடுத்து, புள்ளி விழும் சென்சாரை வாங்குகிறார்கள்.

நம் ஊர்க் கல்யாணப் புகைப்படக்காரர்கள் கொடுக்கும் விலை இன்னும் வருத்தத்துக்குரியது. ஃபுல் ஃப்ரேமா என்று பெண் வீட்டார் கேட்கிறார்கள் என்பதற்காகத் தவணையில் புதிய பாடி வாங்குகிறார்கள். லென்ஸுக்குப் பணம் மிஞ்சுவதில்லை. விளக்குக்கு மிஞ்சுவதே இல்லை. ஏபிஎஸ்-சி என்ற சின்ன சென்சாரிலிருந்து ஃபுல் ஃப்ரேமுக்குப் போனால் கூடுதலாகச் சேரும் ஒளி இரண்டேகால் மடங்கு சொச்சம். கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸ் 55இல் எஃப்/5.6. அதைக் கழற்றிவிட்டு விலை குறைந்த 50 மி.மீ. எஃப்/1.8 மாட்டினால் ஒன்பது மடங்குக்கும் மேல். மண்டபத்தின் மஞ்சள் வெளிச்சத்தில் தாலி கட்டும் நொடிக்கு எது உதவும் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்கின்றன.

சந்தேகம் இருப்பவர்கள் சோதித்துப் பாருங்கள். ஒரே லென்ஸ், ஒரே ஒளி, கலர் சார்ட் வைத்துச் சரிசெய்த இரண்டு ரா ஃபைல்கள். கேமராவின் பெயரை மறைத்துப் பிரிண்ட் போட்டு, சிசிடியின் உயிரைப் பற்றிப் பேசுகிற நண்பரிடம் கொடுங்கள். அவர் எது எதுவென்று தடுமாறாமல் சொல்லும்வரை புதிய பாடிக்குக் கடன் வாங்காதீர்கள். கையில் இருக்கும் பாடியை வைத்துக்கொண்டு ஒரு நல்ல பிரைம் லென்ஸும் ஒரு நல்ல விளக்கும் வாங்குங்கள்.