எண்பதைத் தொட்டால் நடுக்கம்

பாவூர்சத்திரம் தாண்டி ரோடு நேராகக் கிடக்கிற இடத்தில் வேகம் எண்பதைத் தொடட்டும், ஆடி மாதம் ஐந்தருவியில் நனைந்துவிட்டுச் சாரல் காற்றில் துண்டைத் தேடுகிற பெரியவர் மாதிரி ஸ்டீரிங் வெடவெடக்கும். எழுபதில் ஒன்றும் தெரியாது. தொண்ணூற்றைந்தில் தானாக அடங்கிவிடும். “அப்ப நூறுலயே போங்க அத்தான்” என்கிறான் மச்சினன். நம்மூர் ரோட்டில் நூறில் போகிறவனுக்கு ஸ்டீரிங் ஆடுவதா கவலை?

வண்டி ஃபியட் பாலியோ, 1.6 ஜிடிஎக்ஸ், 2002 மாடல். இதைப் போய் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். 2001இல் பாலியோ வந்தபோது விளம்பரத்தில் சச்சின் டெண்டுல்கர் வருவார். ஒரு சின்னக் காருக்குள் 16 வால்வு இன்ஜினையும் 100 குதிரைத்திறனையும் அடைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, டிவிஎஸ் எக்ஸ்எல்லில் போய்க்கொண்டிருந்த நான் வாய் பிளந்தேன். வாங்கக் கையில் காசு சேர்ந்தபோது வண்டிக்கும் வயதாகிவிட்டது, எனக்கும். பழையதாகத்தான் கிடைத்தது. பளபளவென்று அலாய் வீல் போட்டிருந்தார்கள். அதற்காகவே ஐயாயிரம் ரூபாய் கூடக் கொடுத்தேன். இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

முதலில் பார்த்த மெக்கானிக் வண்டியைத் தொடக்கூட இல்லை. “அண்ணாச்சி, ரோடு சரியில்ல. வண்டி என்ன செய்யும்?” ரோடு சரியில்லைதான். ஆனால் அதே ரோட்டில் அவருடைய ஆம்னி ஆடாமல் போகிறதே!

அடுத்தது வீல் பேலன்சிங். மெஷினில் சக்கரத்தை மாட்டிச் சுற்றவிட்டு, ரிம்மில் அங்கங்கே ஈயம் ஒட்டினார்கள். திரையில் இரண்டு சுழி வந்தது. பையன் பெருமையாகக் காட்டினான். வெளியே எடுத்து வந்தால் எண்பதில் அதே நடுக்கம். திரும்பப் போனேன். திரும்பச் சுழி. மூன்றாவது தடவை போனபோது, மெஷின் பொய் சொல்லாது என்றார் கடைக்காரர். பொய் சொல்வது நான்தான் என்று அர்த்தம்.

அந்தச் சுழியை நான் நம்பியதற்குக் காரணம் உண்டு. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் இந்தச் சக்கரம் நொடிக்குப் பன்னிரண்டு தடவை சுற்றுகிறது. ரிம் ஓரத்தில் வெறும் 20 கிராம் கூடிப்போனால், அந்த வேகத்தில் ஏறத்தாழ இரண்டு கிலோ எடையளவுக்கு இழுக்கும், நொடிக்குப் பன்னிரண்டு தடவை. வேகம் பாதியானால் இழுப்பு கால்வாசிதான். அதனால்தான் நாற்பதில் சாதுவாக இருக்கிற வண்டிக்கு எண்பதில் சாமி வருகிறது. சரி, அந்த 20 கிராமும் இல்லையென்று மெஷின் சொல்லிவிட்டதே, பிறகு ஏன்?

பிறகென்ன, ஆளுக்கொரு சாமானைக் கழற்றினார்கள். டயர் பழசு என்றார் ஒருவர். பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தைப் பார்த்தால் எந்த வருடம், எத்தனையாவது வாரம் செய்தது என்று தெரியும். பார்த்தேன், பழசுதான். முன்பக்கம் இரண்டும் புதுசு போட்டேன். ஆட்டம் நிற்கவில்லை. டிஸ்க் கோணல் என்று லேத்தில் கொடுத்துக் கடைந்தார் இன்னொருவர். டை ராட் எண்டு, லோயர் ஆர்ம் புஷ், ஹப் பேரிங் எல்லாம் மாற்றியாயிற்று. “இந்தக் காசுக்கு வருசம் பூரா பார்டர் புரோட்டா சாப்பிட்டிருக்கலாம்” என்று வீட்டில் கணக்குச் சொன்னார்கள். மறுக்க என்னிடம் வேறு கணக்கு இல்லை.

எனக்கு ஆற்றாமை காசு போனதில் இல்லை. இத்தனை பேரில் ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. பிரேக் போடும்போது ஆடுகிறதா? அப்படியென்றால்தான் டிஸ்க்கைச் சந்தேகப்பட வேண்டும். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது மட்டுமா? ஆக்சில் ஜாயின்ட்டைப் பார்க்கலாம். ஸ்டீரிங் ஆடுகிறதா, சீட் ஆடுகிறதா? ஸ்டீரிங் என்றால் பெரும்பாலும் முன்சக்கரம், சீட் என்றால் பின்சக்கரம். நியூட்ரலில் உருட்டினாலும் ஆடினால் இன்ஜினை விட்டுவிடலாம். இதையெல்லாம் நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்துக்கொண்டேன். பிரேக்கில் இல்லை, நியூட்ரலிலும் ஸ்டீரிங் ஆட்டம் உண்டு. ஆக, முன்சக்கரம். அதில்தான் மாற்ற இனி எதுவும் பாக்கி இல்லையே!

கடைசியில் கண்டுபிடித்தவர் இலஞ்சிப் பக்கம் பஞ்சர் ஒட்டுகிற ஒரு பெரியவர். ஆணி ஏறிய சக்கரத்தைக் கழற்றியவர், போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, இந்த வீலு எந்த வண்டியோடது?”

இந்த வண்டியோடதுதான் என்றேன்.

“இல்ல” என்றார்.

பாலியோ ஹப்பில் நாலு போல்ட்டும் அமைகிற வட்டத்தின் விட்டம் 98 மில்லிமீட்டர். நம் ஊரில் ஓடுகிற சின்னக் கார்கள் பலவற்றில் அது 100. யாரோ ஒரு புண்ணியவான் நூறு வீலைத் தொண்ணூற்றெட்டில் வைத்து முறுக்கியிருக்கிறார். நடு ஓட்டையும் ஹப்பைவிடப் பெரிசு, அதனால் சக்கரத்துக்குப் பிடிமானம் நாலு போல்ட்தான். எந்த போல்ட்டை முதலில் முறுக்குகிறோமோ அதற்கு எதிர்ப்பக்கம் ஒரு மில்லிமீட்டர் வரை ஒதுங்கி உட்காரும். வீலும் டயரும் சேர்த்து 14 கிலோ என்று வையுங்கள். அது ஒரு மில்லிமீட்டர் நகர்வது, ரிம்மில் 80 கிராம் ஈயத்தைத் தப்பான இடத்தில் ஒட்டியதற்குச் சமம். பேலன்சிங் மெஷினோ நடு ஓட்டையில் கூம்பைச் செருகிச் சக்கரத்தைப் பிடிக்கிறது. அங்கே மையம் சரி, சுழியும் சரி. வண்டியில் ஏறியதும் மையம் வேறு. மெஷின் பொய் சொல்லவில்லை, பாவம். ஆட்டத்தை விடுங்கள், இப்படி இழுத்து முறுக்கிய போல்ட் தளர்ந்தாலோ ஒடிந்தாலோ என்ன கதி? இதில்தான் புளியரை மலைப்பாதையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்வந்திருக்கிறேன்.

இந்த இரண்டு மில்லிமீட்டரைச் சமாளிக்க, கழுத்து அசைகிற ஒரு வகை போல்ட் உண்டு. அதற்குப் பெயர் வாபுள் போல்ட்டாம். ஆட்டத்தை நிறுத்தப் போடுகிற சாமானுக்கு ஆட்டம் என்றே பெயர்! எனக்கு அது வேண்டாம். கம்பெனியிலிருந்து வந்த ரிம்தான் வேண்டும். முந்தைய ஓனரிடம் கேட்டேன், எடைக்குப் போட்டுவிட்டாராம்.

தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டைப் பக்கம் யார் வீட்டுக் கொல்லையிலாவது பழைய பாலியோ ரிம் நாலு கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கோழி அடை காத்தாலும் பரவாயில்லை, குஞ்சு பொரிக்கும்வரை காத்திருந்து வாங்கிக்கொள்கிறேன்.