எந்த நாளிலிருந்து எண்ணுவது?

புருஷன் மௌத்தானால் முஸ்லிம் பெண் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா என்ற காத்திருப்பில் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு ராத்தா இருக்கிறார். 1990 ஜூன் மாதம் காக்கி உடுத்து வேலைக்குப் போன அவருடைய புருஷன் திரும்பி வரவேயில்லை. மையத்தும் வரவில்லை. "எந்த நாளிலிருந்து எண்ணுறது?" என்று அவர் கேட்டபோது வீட்டிலிருந்த ஆண்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்தோம். பிறகு ஒரு நாள் காயிப் ஜனாஸா தொழுதோம். மையத்தும் கபுறும் இல்லாத தொழுகை. முப்பத்தைந்து வருடங்களுக்கு மேலாகியும் அந்தக் கேள்வி எங்கள் வாசலிலேயே நிற்கிறது.

அவரைப் போன்ற பொலிஸ்காரர்கள் எப்படிப் போனார்கள்? 1990 ஜூன் 11ஆம் திகதி இலங்கையின் கிழக்கு முழுவதும் பொலிஸ் நிலையங்களை விடுதலைப் புலிகள் வளைத்தார்கள். கல்முனை நிலையத்தில் இருந்தவர்கள் உடனே பணியவில்லை, சண்டை பிடித்தார்கள். ஆனால் ஆயுதத்தைக் கீழே வைக்கும்படி மேலிடத்திலிருந்து கட்டளை வந்தது. சரணடைந்தால் உயிருக்குப் பங்கம் இல்லை என்று வாக்கும் கொடுக்கப்பட்டது. அந்த வாக்கை நம்பித் துவக்கைக் கீழே வைத்தார்கள். சிங்களவரையும் முஸ்லிம்களையும் பிரித்தெடுத்தார்கள். திருக்கோவிலுக்கு அப்பால் ரூபஸ்குளம் காட்டுப் பக்கம் கொண்டுபோய்ச் சுட்டுத் தள்ளினார்கள். கிழக்கில் இப்படிக் கொல்லப்பட்ட பொலிஸார் அறுநூறு பேருக்கு மேல்.

இதற்கு எங்கள் பாஷையில் ஒரே ஒரு சொல்தான் உண்டு. துரோகம்.

பிலிப்பைன்ஸ் நாட்டின் தண்டனைச் சட்டத்தில் இந்தச் சொல்லுக்குத் தனி இடம் இருக்கிறது. துரோகத்தால் செய்த கொலை, சாதாரண ஆட்கொலை அல்ல. தண்டனை கூடிய கொலைக் குற்றம். ஆனால் வாயால் சொன்னால் போதாது, இரண்டு விஷயங்களை நிரூபிக்க வேண்டும். ஒன்று, செத்தவன் தன்னைக் காத்துக்கொள்ளவோ திருப்பி அடிக்கவோ வழியே இல்லாதபடி கொன்றிருக்க வேண்டும். மற்றது, அந்த முறையைக் கொன்றவன் தெரிந்தே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். தாக்குதல் எப்படித் தொடங்கியது என்று கண்டவர் யாரும் இல்லையென்றால், மேன்முறையீட்டில் துரோகம் கழன்று விழுந்துவிடும். கொலை, வெறும் ஆட்கொலையாகச் சுருங்கிவிடும்.

எங்கள் தண்டனைச் சட்டக்கோவையில் அந்தச் சொல் இல்லை. ஆனாலும் 294ஆம் பிரிவு இதை அறியாததல்ல. திடீர்ச் சண்டையில் கை மீறிவிட்டது என்று ஒருவன் சலுகை கேட்டால், அநியாயமான அனுகூலம் எடுத்தாயா, கொடூரமாக நடந்தாயா என்று சட்டம் அவனைத் திருப்பிக் கேட்கிறது. நிராயுதபாணியை நிறுத்திவைத்துச் சுட்டவனுக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

இனிச் சொல்லுங்கள், எங்கள் வழக்கில் எதை நிரூபிக்க முடியாது? தப்பி வந்த ஒரு சிலர் கண்டதைச் சொல்லியிருக்கிறார்கள். ஆயுதத்தை வைக்கச் சொன்ன கட்டளையை நாடே அறியும். வாக்குக் கொடுத்து, ஆயுதத்தை வாங்கி, இனம் பார்த்துப் பிரித்து, காட்டுக்குக் கொண்டுபோனது ஆத்திரத்தில் செய்த காரியமா? ஒவ்வொரு படியும் யோசித்து வைத்த படி. மற்ற வழக்குகளில் தேடித் தேடியும் கிடைக்காத தொடக்கம் இங்கே பட்டப்பகலில் கிடக்கிறது. இல்லாதது வழக்கு ஒன்றுதான். இந்தப் படுகொலைக்காக இன்றுவரை ஒரு ஆளுக்குக்கூடத் தண்டனை இல்லை. மேன்முறையீடு செய்யவும் முதலில் ஒரு தீர்ப்பு வேண்டுமே! எங்களுக்கு அந்த முதற்படியே இல்லை.

அப்போது மட்டக்களப்பு, அம்பாறைக்குப் புலிகளின் தளபதியாக இருந்தவர் கருணா என்ற விநாயகமூர்த்தி முரளிதரன். பிறகு அவரே அரசாங்கத்தில் மீள்குடியேற்றப் பிரதி அமைச்சரானார். அந்த நேரத்தில் தான் அங்கே இருக்கவில்லை என்கிறார். இருக்கட்டும். அதை ஒரு நீதிமன்றக் கூண்டில் நின்று சொல்லட்டும். சட்டமா அதிபர் கேட்கட்டும், நீதிபதி எடைபோடட்டும். அவர் குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்பளிக்க நாங்கள் யார்? ஆனால் கேட்கக்கூட ஆளில்லாத நாட்டில், அமைச்சர் பதவியைப் பார்த்து அந்த ராத்தா என்ன நினைத்திருப்பார்?

எங்கள் காயத்தை மட்டும் நான் எண்ணவில்லை. அதே வருடம் ஜூலையில் ஹஜ் முடித்து ஊர் திரும்பியவர்களையும் வேறு பயணிகளையும் குருக்கள்மடத்தில் புலிகள் மறித்துக் கொன்றார்கள். ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிகளில் இஷாத் தொழுகையில் நின்றவர்களை முதுகுப் பக்கமிருந்து சுட்டார்கள். ஒன்பது நாள் கழித்து வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களில் முஸ்லிம் ஊர்காவற் படையினரும் இருந்தார்கள் என்று அந்த மக்கள் சொல்கிறார்கள். அதையும் விசாரிக்க வேண்டும் என்று சொல்லாமல் அந்த ராத்தாவின் புருஷனுக்கு நீதி கேட்க எனக்கு வாய் வராது. ஸுஜூதில் இருந்தவனுக்கும் சாமியிடம் ஓடியவனுக்கும் கையில் என்ன இருந்தது?

வழக்கு நடந்த இடத்திலும் நீதி நிலைக்கவில்லை. மிருசுவில் வழக்கைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டு டிசம்பரில், இடம்பெயர்ந்து போய்த் தங்கள் வீட்டைப் பார்க்க வந்த எட்டுத் தமிழர்களைக் கழுத்தறுத்துக் கொன்றார்கள். அவர்களில் சிறு பிள்ளையும் ஒன்று. தப்பிய ஒருவர் சாட்சி சொன்னார். 2015இல் இராணுவத்தைச் சேர்ந்த சுனில் ரத்னாயக்கவுக்கு மரண தண்டனை. 2019இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச ஒரு கையெழுத்தில் அவரை விடுவித்தார். பத்தொன்பது வருடம் நீதிமன்றப் படியேறிய குடும்பங்களுக்கு அதுதான் கிடைத்தது. ஏறினவனுக்கு அந்தக் கதி, ஏறவே விடப்படாதவனுக்கு இந்தக் கதி.

கொலை வழக்குக்குக் காலாவதி கிடையாது என்று எங்கள் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் சொல்கிறது. அப்படியானால் இன்னும் நேரம் இருக்கிறது. கண்டவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய வாக்குமூலத்தை இப்போதே எடுங்கள். ரூபஸ்குளத்தில் மண்ணைத் தோண்டுங்கள், எலும்பையாவது கொடுங்கள். யாரையும் தூக்கில் போடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. 1976க்குப் பிறகு இந்த நாட்டில் யாரும் தூக்கில் போடப்படவுமில்லை. நடந்தது துரோகம் என்று ஒரு நீதிமன்றம் எழுதி வைக்கட்டும். எந்த இடத்தில், எந்த நாளில் என்றும் எழுதட்டும்.

அந்த ராத்தாவின் தலைமுடி முழுக்க நரைத்துவிட்டது. இப்போது அவருக்கு இத்தா இருக்கத் தேவையில்லை. திகதி மட்டும் இன்னும் தேவை.