சித்திரம் பிறவிக் கொடையா?

இரண்டாமாண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

ஓவியத்தைப் பற்றி நம்மிடையே ஒரு கருத்து வேரூன்றிக் கிடக்கிறது. அது பிறவியிலேயே வர வேண்டும். இரத்தத்தில் ஓட வேண்டும். இல்லாதவர் எத்தனை பென்சிலைச் சீவினாலும் கை வராது என்பதே அக்கருத்து. யாரேனும் ஒரு முகத்தை ஓரளவு ஒத்து வரைந்துவிட்டால் போதும், "உங்கள் வீட்டில் யார் ஓவியர்?" என்று கேட்டுவிடுகிறோம். பாராட்டாகத்தான் கேட்கிறார்கள் என்பதை நான் அறிவேன். ஆயினும் அக்கேள்வி காதில் விழும்போதெல்லாம் எனக்கு ஓர் உறுத்தல். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பரம்பரையில் இருந்தால்தான் எதுவும் வரும் என்பது உண்மையானால், எனக்கு ஓவியம் மட்டுமா வராது? விலங்கியலும் வராதே! இந்தக் கல்லூரியில் எனக்கு என்ன வேலை?

ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்று உண்டு. நட்பு, இரக்கம், ஈகை ஆகியவற்றைத்தான் அது பிறவிக் குணம் என்கிறது. சித்திரத்தையோ கையின் பழக்கம் என்று தனியே பிரித்து வைக்கிறது. நாம் இதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். ஈகையைப் பழகச் சொல்லி மேடையில் பேசுகிறோம். சித்திரத்தைப் பிறவிக் குணம் என்கிறோம். சென்னையில் 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளி, இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக நிற்கிறது. மாமல்லபுரத்தில் 1957 முதல் சிற்பம் கற்பிக்கிறார்கள். பிறவியில் வருவதைக் கற்பிக்கக் கல்லூரி எதற்கு?

பழக்கம் என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது. எதைப் பழகுவது என்பதுதான் கேள்வி. ஒரே தவற்றை ஆயிரம் முறை செய்வதும் பழக்கமே அல்லவா?

என் தந்தை கொத்தனார். சுவர் எழுப்பப் போகும்போது அவர் கை முதலில் செங்கல்லைத் தொடாது. நூல் கட்டுவார், மூலைமட்டம் வைத்துப் பார்ப்பார், தூக்குக்குண்டு விட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அதற்குப் பிறகுதான் கலவை. அவர் கட்டிய சுவர் நேராக நிற்பதைப் பார்த்து யாரும் "ஆகா, பிறவிக் கலைஞர்" என்று சொன்னதில்லை. கையாளாகச் சேர்ந்து பல ஆண்டுகள் கற்றுக்கொண்டார் என்பது ஊருக்கே தெரியும். முகம் வரைவதிலும் இதே முறை உண்டு என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன். கண்ணையும் மூக்கையும் தனித்தனியாக அழகாக வரைந்து ஒட்ட வைப்பது முறையன்று. முதலில் தலையைக் கட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் கண்ணும் மூக்கும்.

இம்முறையைப் புதியவர்களுக்காக எளிமைப்படுத்தியவர்களுள் முக்கியமானவர் ஆண்ட்ரூ லூமிஸ் (1892–1959) என்னும் அமெரிக்க ஓவியர். 1939-இல் வெளிவந்த 'ஃபன் வித் எ பென்சில்', 1956-இல் வெளிவந்த 'டிராயிங் த ஹெட் அண்ட் ஹேண்ட்ஸ்' ஆகிய அவருடைய நூல்கள் நெடுங்காலம் அச்சில் இல்லாமல் இருந்து, 2011 முதல் மீண்டும் அச்சேறின. அவர் சொல்வது இதுதான். முதலில் ஒரு பந்தை வரைந்துகொள். மண்டை ஓடு முழு உருண்டை அன்று. நெற்றிப்பொட்டுப் பக்கங்களில் தட்டையானது. ஆகவே பந்தின் இரு பக்கங்களிலும் ஒரு சிறு சில்லைச் சீவி எறிந்ததாக எண்ணிக்கொள். சீவிய இடத்தில் ஒரு வட்டம் தெரியும். பந்தின் நடுவைச் சுற்றி வரும் கோடு புருவம். அந்தப் பக்க வட்டத்தின் மேல்விளிம்பு, முடி தொடங்கும் இடம். அதன் கீழ்விளிம்பு, மூக்கின் அடி. புருவத்திலிருந்து மூக்கின் அடி வரை எவ்வளவோ அவ்வளவு இன்னும் ஒரு முறை கீழே இறங்கினால் மோவாய். காது, புருவத்துக்கும் மூக்கடிக்கும் இடைப்பட்ட உயரத்தில், பக்க வட்டத்தின் நடுக்கோட்டுக்குப் பின்னால் அமரும். அங்கிருந்து தாடையை இழுத்தால் தலை முடிந்தது.

இன்னும் ஒரு கண் கூட வரையவில்லை என்பதைக் கவனியுங்கள்!

கண் எங்கே வரும்? உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் சரி பாதியில். இதை நம்பாதவர்கள் ஒரு அளவுகோலை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் நிற்கலாம். புதிதாக வரைபவர்களில் பெரும்பாலோர் கண்ணை நெற்றியில் ஏற்றிவிடுவார்கள். காரணம் கையில் இல்லை, மனத்தில் இருக்கிறது. நாம் மனிதரைப் பார்க்கும்போது கண், மூக்கு, வாய் மூன்றையும்தான் பார்க்கிறோம். நெற்றிக்கு மேல் இருப்பதை ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. பேசாத பகுதிக்கு மனம் இடம் குறைத்துக் கொடுத்துவிடுகிறது. இந்தப் பாகுபாட்டைத் திருத்துவதற்குத்தான் அளவு.

வெளிநாட்டார் கண்டுபிடிப்பு என்று இதை யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் ஒரு பகுதியான சித்திரசூத்திரம், முகத்தின் நீளத்தைப் பன்னிரண்டு அங்குலமாகக் கொண்டு, நெற்றிக்கு நான்கு, மூக்குக்கு நான்கு, மோவாய்ப் பகுதிக்கு நான்கு என்று பங்கிடுகிறது. இந்த அங்குலம் நம் அளவுகோலில் உள்ள அங்குலம் அன்று. உருவத்துக்கேற்பக் கூடிக் குறையும் பங்கு. லூமிஸின் மூன்று சம பாகமும் இதுவும் ஒன்றே அல்லவா? நம் சிற்பிகள் தாலம் என்று சொல்லி உருவத்தை அளந்தே செதுக்கினார்கள். கோயில் சிற்பத்தின் முன் நின்று "எப்படித்தான் செய்தார்களோ" என்று வியக்கும் நாம், அவர்கள் கணக்குப் போட்டார்கள் என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

"கட்டம் போட்டு வரைந்தால் இதைவிடச் சுலபமாயிற்றே" என்று நண்பர்கள் சிலர் கேட்பார்கள். உண்மைதான். புகைப்படத்தின் மீது சிறு கட்டங்கள் இழுத்து, சுவரில் பெரிய கட்டங்கள் இழுத்து, கட்டத்துக்குக் கட்டம் பார்த்து எழுதிய திரைப்பட விளம்பரப் பலகைகளை நம் பெற்றோர் காலத்துத் தெருக்களெல்லாம் கண்டிருக்கின்றன. அந்தக் கைகளின் திறமையைக் குறைத்துச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் தொடக்க மாணவர் ஒருவர் கட்டத்தை மட்டும் நம்பினால் கோடு எங்கே போகிறது என்பது தெரியுமேயன்றி, ஏன் அங்கே போகிறது என்பது தெரியாது. முகம் சற்றுத் திரும்பினால் புதிய புகைப்படம் தேவைப்படும். கைப்பேசித் திரையின் மேல் தாளை வைத்து நகல் எடுப்போர்க்கும் இதே கதி. பந்தைக் கட்டத் தெரிந்தவருக்கு, தலை குனிந்தாலும் நிமிர்ந்தாலும் நூல் கூடவே திரும்பும்.

இனி, பலரும் எழுப்பும் ஐயத்துக்கு வருகிறேன். எல்லா முகத்துக்கும் ஒரே அளவு என்றால் எல்லாரும் ஒரே சாயலில் வந்துவிட மாட்டார்களா? நியாயமான கேள்வி. லூமிஸ் பத்திரிகைகளுக்கும் விளம்பரங்களுக்கும் வரைந்தவர். அவர் காட்டும் இலட்சிய முகம் அந்நாட்டு விளம்பரத்துக்கு ஏற்ற முகம். அதை அப்படியே நம் மீது சுமத்தினால் நம் ஊரில் ஒருவர் கூட அந்த அச்சில் அடங்கமாட்டார்.

எங்கள் அப்பத்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய முகம் அடையாள அட்டைகளில் மட்டுமே உண்டு. அவற்றிலும் யாரோ ஒரு பயந்துபோன கிழவியாகத்தான் இருக்கிறார். அவரை வரைய வேண்டும் என்றுதான் நான் பென்சிலை எடுத்தேன். மூன்று சம பாகம் போட்டுப் பார்த்தால், மூன்றாவது பாகம் அவருக்குப் பொருந்தவில்லை. மூக்கடியிலிருந்து மோவாய் வரை உள்ள தூரம் மிகவும் குறைவு. ஏன்? பல் விழுந்துவிட்டால் அதைத் தாங்கிய தாடை எலும்பு கரைந்து தேய்கிறது. மோவாய் மூக்கை நோக்கி ஏறுகிறது. உதடு உள்ளே போகிறது. வகுப்பில் படித்த எலும்பியல், அப்பத்தா முகத்தில் என் முன்னால் உட்கார்ந்திருந்தது. சம பாகம் என்ற நூலைப் பிடித்திருந்ததனால்தான் எவ்வளவு விலகியிருக்கிறது என்பது தெரிந்தது. நூல் பிடிக்காத சுவரில் கோணலை எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த விலகலில்தான் அவர் இருந்தார்.

படத்தைக் காட்டியபோது, "ஏண்டி, என் வாய இம்புட்டு உள்ள இழுத்துப்புட்ட?" என்றார்.

"நான் இழுக்கல அப்பத்தா, பல்லுதான் இழுத்துருச்சு" என்றேன். வெற்றிலையை மென்றுகொண்டே நெடுநேரம் பார்த்துவிட்டு, "எங்க ஆத்தா மாதிரியே இருக்கேன்" என்றார். அவருடைய தாயாருக்குப் படம் என்று ஒன்று எங்கும் கிடையாது.

இந்த எண்ணம் எனக்கு மட்டும் தோன்றியது அன்று. ஆல்பிரெக்ட் டியூரர் என்னும் ஜெர்மானிய ஓவியர், மனித உடலின் அளவுகளைப் பற்றி எழுதிய நான்கு பாக நூல், அவர் இறந்த 1528-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. முகத்தின் மீது கோடுகள் இழுத்து, அக்கோடுகளை நெருக்கியும் விலக்கியும் சாய்த்தும் வேறு வேறு முகங்களை அவர் உண்டாக்கிக் காட்டினார். ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குப் பின், டார்சி தாம்சன் என்னும் விலங்கியலார், 1917-இல் வெளியிட்ட 'ஆன் குரோத் அண்ட் ஃபார்ம்' என்ற நூலில் டியூரரின் இந்த வழியை எடுத்துக்கொண்டார். மனித மண்டையோட்டின் மீது கட்டம் வரைந்து, அக்கட்டத்தை வளைத்தால் சிம்பன்சியின் மண்டையோடு வருவதைக் காட்டினார். ஒரு மீனின் வடிவத்தை வளைத்து அதன் உறவான இன்னொரு மீனைக் கொண்டுவந்தார். ஓவியம் வேறு, விலங்கியல் வேறு என்று சொல்வோர் இந்தப் பக்கங்களை ஒரு முறை புரட்ட வேண்டுகிறேன்.

விலங்கியல், தாவரவியல் மாணவர்களாகிய நாம் ஆண்டு முழுவதும் வரைகிறோம். செய்முறைப் பதிவேட்டில் படத்துக்கு மதிப்பெண் உண்டு. ஆனால் வரைவது எப்படி என்று யாரும் சொல்லித் தருவதில்லை. நான் படித்த பள்ளியில் ஓவிய வகுப்பு நேரம் பெரும்பாலும் கணக்குக்குப் போய்விடும். (கணக்கு ஆசிரியரை நான் குறை சொல்லவில்லை, அவர் நல்லவர்.) விளைவு என்ன? வரையத் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் வரைகிறார்கள். மற்றவர்கள் காசு கொடுத்து வரைந்து வாங்குகிறார்கள். காசும் இல்லாதவர்கள் "எனக்குக் கை வராது" என்று தமக்குத் தாமே தீர்ப்பு எழுதிக்கொண்டு, குறைந்த மதிப்பெண்ணைத் தலையெழுத்தாக ஏற்றுக்கொள்கிறார்கள். பிறவிக் கொடை என்ற பேச்சு யாருக்கு வசதியாக இருக்கிறது என்று இப்போது புரிகிறதா? கற்றுத்தர வேண்டிய பொறுப்பு எவருக்கும் இல்லை என்று ஆக்கிவிடுகிறது அது.

நான் பெரிதாக ஏதும் கேட்கவில்லை. முதலாண்டுச் செய்முறை வகுப்புகளில் தொடக்கத்து இரண்டு வாரங்களை, தவளைக்கும் கரப்பானுக்கும் முன்னால், பார்ப்பதற்கும் அளப்பதற்கும் ஒதுக்கலாம். எச்.பி. பென்சில் ஒன்று, டூ.பி. பென்சில் ஒன்று, பின்பக்கம் வெறுமையாக உள்ள பழைய வினாத்தாள்கள்; இதற்கு மேல் செலவில்லை. நானும் முடித்துவிட்டவள் அல்லள். முக்கால் பக்கம் திரும்பிய முகத்தில், அப்புறத்துக் கண்ணை எங்கே குறுக்க வேண்டும் என்பதில் இன்னும் போராடிக்கொண்டுதான் இருக்கிறேன். நேர்முகத்தில் ஒரு கண்ணின் அகலமே இரு கண்களுக்கும் இடையில் உள்ள இடைவெளி. தலை திரும்பியதும் அந்தக் கணக்கு நழுவுகிறது. என் தந்தை அந்தப் படத்தைக் கையில் வாங்கி, சற்றுத் தள்ளிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "நடுநூல் மூக்குக்கு மேல சரியா இருக்கு ஆத்தா, வாய்க்கு வரும்போது விட்டுட்ட" என்றார். பென்சிலைப் பிடித்தறியாதவர் சொன்னது முற்றிலும் சரி.

எங்கள் துறை அருங்காட்சியகத்தின் கண்ணாடி அலமாரியில் மனித மண்டையோடு ஒன்று இருக்கிறது. இருபத்திரண்டு எலும்புகள் என்று மனப்பாடம் செய்திருக்கிறோம். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தவர் எங்களில் சிலரே. பேராசிரியப் பெருமக்கள் மனம் வைத்து, வாரத்தில் ஒரு மணி நேரம் அதை மேசை மேல் எடுத்து வைத்தால் போதும். பென்சிலை நாங்கள் கொண்டுவருகிறோம்.