கெலாங் பாத்தாவுக்கு ஆகாத வண்டியா?

மின்மோட்டார் உதவியோடு மிதிக்கும் நீளமான சரக்கு சைக்கிளில் இரண்டு பிள்ளைகளைப் பின்னால் உட்காரவைத்து, பக்கப் பைகளில் பள்ளிப் பையையும் காய்கறியையும் போட்டுக்கொண்டு ஜொகூரின் கெலாங் பாத்தா கடைத்தெருவில் போனால் ஒரே தீர்ப்புதான் கிடைக்கும்: "இதெல்லாம் ஹாலந்துக்கும் டென்மார்க்குக்கும் சரிம்மா, நம்ம ஊருக்கு ஆகாது." காப்பிக்கடையிலும் சொல்கிறார்கள், கல்யாண வீட்டிலும் சொல்கிறார்கள். தூரம், வெயில், மழை, விலை, சட்டம், லோரி என்று காரணங்கள் அடுக்கடுக்காக வருகின்றன. அந்த வண்டியில் அன்றாடம் பிள்ளைகளை ஏற்றிப்போகிற தாய் நான். இந்தக் காரணங்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்ல வேண்டியது என் கடமை என்று நினைக்கிறேன். சிலவற்றில் உண்மையும் இருக்கிறது, அதை ஒளிக்கப்போவதில்லை.

முதலில் தூரம். "இங்கே எதற்கெடுத்தாலும் தூரம், காடி இல்லாமல் ஒன்றும் நடக்காது" என்கிறார்கள். யாருக்குத் தூரம்? சிங்கப்பூருக்குப் போகும் இரண்டாவது பாலம் 1998-இல் திறந்ததிலிருந்து இந்த ஊர் ஆண்களில் பலருக்குப் பிழைப்பு அக்கரையில் துவாஸ் பக்கம்தான். விடியுமுன்னே மோட்டார் சைக்கிள்கள் சோதனைச் சாவடியை நோக்கி வரிசையாகப் போய்விடும். அவர்களுக்குத் தூரம் உண்மை. ஆனால் வீட்டிலிருந்த ஒரே வண்டியும் அவர்களோடு எல்லை தாண்டிப் போய்விடுகிறதே, அதன் பிறகு வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வது? பள்ளி, தாடிகா, கிளினிக், மளிகை, கோயில், சாயங்காலம் பாசார் மாலாம். நூசா பெரிந்திஸ், நூசாந்தாரா பிரிமா போன்ற தாமான்களில் குடியிருக்கும் ஒரு தாய்க்கு இவற்றில் பெரும்பாலானவை சில கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். நடக்கக் கூடுதல், காடி எடுக்கக் குறைவு என்னும் அளவு அது. அந்தச் சில கிலோமீட்டருக்காகத்தான் பள்ளி வேனுக்கு மாதம் கட்டுகிறோம், கிராப் கூப்பிடுகிறோம், அல்லது "அப்பா வரட்டும்" என்று பிள்ளையின் காய்ச்சலை இரவு எட்டு மணிவரை தள்ளிப்போடுகிறோம். இந்த வண்டியைப் பற்றிப் பேசும் ஆண்கள் துவாஸ் பயணத்தை வைத்தே அளக்கிறார்கள். இது துவாஸுக்குப் போக வாங்கிய வண்டி இல்லை. வீட்டில் மிச்சமிருக்கும் பகலுக்காக வாங்கிய வண்டி.

"வெள்ளைக்காரன் ஊர் வண்டி" என்பது அடுத்தது. இது வரலாறு தெரியாத பேச்சு. மிதிக்கும்போது மோட்டார் கைகொடுக்கும் சைக்கிளை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஐரோப்பா அன்று. ஜப்பானின் யமாஹா 1993-இல் 'பாஸ்' என்ற பெயரில் கொண்டுவந்தது. இன்று தோக்கியோவின் எந்தக் குழந்தைகள் காப்பகத்தின் வாசலிலும் முன்னும் பின்னும் பிள்ளை இருக்கை வைத்த மின் சைக்கிள்கள் நிற்கும். ஆகஸ்டு மாதத் தோக்கியோவின் புழுக்கம் நம் புழுக்கத்துக்கு இளைத்ததில்லை. நீள வண்டிகளில் பேர்பெற்ற தெர்ன் நிறுவனமும் தைவானைச் சேர்ந்ததுதான். அதன் ஜிஎஸ்டி (GSD) மாடல் வண்டியின் எடையையும் ஓட்டுபவரையும் சேர்த்து 200 கிலோ தாங்கும்.

அதைவிட நெருக்கமான சான்று நம்மிடமே உண்டு. தோட்டப்புறத்தில் நம் தாத்தா பாட்டிமார் ரப்பர் பால் வாளிகளைச் சைக்கிளின் இரு பக்கமும் கட்டி, வெயில் ஏறுமுன் ஸ்டோருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ரொட்டிக்காரர் சைக்கிளில் வந்தார், மாட்டுப்பால் சைக்கிளில் வந்தது, பிள்ளை பெற்ற பெண்ணை ஆஸ்பத்திரியிலிருந்து சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்த கதை பல குடும்பங்களில் உண்டு. இந்த நாட்டின் வெயிலில் பாரம் சுமந்த சைக்கிளுக்கு மோட்டார் உதவிகூட இருந்ததில்லை. இன்றைக்கு உதவி வந்த பிறகு "வெயிலில் முடியாது" என்றால் எப்படி?

வெயிலைப் பற்றிச் சொல்ல ஒன்றிருக்கிறது. மிதிப்பதால் வரும் வியர்வை வேறு, நிற்பதால் வரும் வியர்வை வேறு. இரண்டு பிள்ளைகள், சாமான், வண்டி, நான் எல்லாம் சேர்த்து நூற்றிருபது கிலோவுக்கு மேல் போகும். புறப்படும் அந்த முதல் இரண்டு மூன்று விநாடிகள்தான் உண்மையான சோதனை. இரட்டைக்கால் ஸ்டாண்டில் வண்டி நிற்கும்போதே பிள்ளைகள் ஏறிவிட வேண்டும், கனமானவள் எனக்கு அருகில், சின்னவன் பின்னால் ஐந்து வார்ப் பெல்ட்டுக்குள். வண்டியை முன்னால் தள்ளி ஸ்டாண்டிலிருந்து இறக்கியதும் மொத்தக் கனமும் இரண்டு கையிலும் இறங்கும். அப்போது கால்மிதியை அழுத்தினால் மோட்டார் தள்ளிக்கொடுக்கும், வண்டி நிமிர்ந்துகொள்ளும். அதன் பிறகு ஏற்றத்தில்கூட மூச்சு வாங்காது, காற்று முகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். பள்ளி வாசலில் வேனுக்காக வெயிலில் நிற்கும் பிள்ளையைவிடவும், பகலெல்லாம் வெட்டவெளியில் காய்ந்த காடிக்குள் ஏறும் பிள்ளையைவிடவும் என் பிள்ளைகள் குறைவாகத்தான் வியர்க்கிறார்கள்.

மழைக்கு நீண்ட பதில் தேவையில்லை. நம் பக்கத்து மழை பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு வந்து ஒரு மணி நேரத்தில் ஓய்வது. பிள்ளைகளுக்கு மேல்கூடாரம் உண்டு, எனக்கு மழைக்கோட்டு உண்டு. இடி இடிக்கும்போது ஏதாவது கடையின் ஐந்தடி நடைபாதையில் ஒதுங்கி நிற்பதை மோட்டார்காரர்களும்தான் செய்கிறார்கள். டிசம்பர், ஜனவரியில் நாள் முழுக்க அடைமழை பெய்தால் வண்டியை எடுப்பதில்லை, அன்று கிராப். வருடத்தில் சில நாள் உதவாது என்பதற்காக எஞ்சிய நாளெல்லாம் உதவும் ஒன்றை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

விலை பேச்சில் நியாயம் இருக்கிறது. நல்ல மின் சரக்கு சைக்கிள் ஒன்றின் விலை ஒரு புதுக் கப்சாய் மோட்டார் சைக்கிளின் விலையைவிடக் கூடுதல். ஐரோப்பாவில் உயர்ந்த வகைகள் ஐயாயிரம் யூரோவைத் தாண்டிவிடும். சைக்கிளுக்கு இவ்வளவா என்று வாய் பிளப்பது இயல்பு. ஆனால் எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எங்கள் வீட்டில் இதற்குப் போட்டியாக இருந்தது இன்னொரு சைக்கிள் இல்லை, இரண்டாவது காடி. நாட்டின் மலிவான புதுக் காடியாக 2023-இல் வந்த அக்ஸியா ஈ 22,000 வெள்ளி. அதோடு வட்டி, இன்சூரன்ஸ், சாலை வரி, சர்வீஸ், டயர், பெட்ரோல் எல்லாம் சேரும். சைக்கிளின் பேட்டரி அரை யூனிட் அளவுள்ளது. முழுதாகச் சார்ஜ் செய்ய முப்பது சென்னுக்கு மேல் ஆகாது, பாரத்தோடு முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓடும். மானியத்தோடு 1 வெள்ளி 99 சென்னுக்குக் கிடைக்கும் ஒரு லிட்டர் பெட்ரோலின் காசில் ஆறு தடவை சார்ஜ் செய்யலாம்.

"அப்படியானால் கப்சாயே போதுமே" என்பார்கள். தனியாகப் போகிறவருக்குப் போதும். சட்டப்படி மோட்டார் சைக்கிளில் பின்னால் ஒருவர்தான் உட்காரலாம். இரண்டு பிள்ளைகளை என்ன செய்வது? ஒன்றை முன்னால் நிறுத்தி, ஒன்றைப் பின்னால் கட்டிக்கொண்டு போகும் காட்சி நமக்குப் பழகிவிட்டதால் அது பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. இன்னொன்று, லைசென்ஸ். நம் வீடுகளில் கணவனுக்கு இரண்டு லைசென்ஸ் இருக்கும், மனைவிக்கு ஒன்றும் இருக்காது. இந்த வண்டிக்கு அது வேண்டியதில்லை.

இங்கே தமிழ்நாட்டின் புதுக்கோட்டையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணைநின்றார். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள் என்று ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். கேலி பேசியவர்கள் இருந்தார்கள், அவர்கள் முன்னாலேயே தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு இந்தப் பெண்கள் போனார்கள். பஸ்ஸுக்கும் புருஷனுக்கும் காத்திருந்த நேரம் அவர்கள் கைக்கு வந்தது. "பொம்பளை இப்படிப் பிள்ளைகளை வச்சுக்கிட்டு ரோட்டுல போறதா" என்று என்னிடம் கேட்கிற பெரியவர்களுக்கு மரியாதையோடு சொல்வது இதுதான்: இந்தக் கேள்விக்குப் புதுக்கோட்டைப் பெண்கள் முப்பது வருடத்துக்கு முன்பே பதில் சொல்லிவிட்டார்கள், ஐயா.

பேட்டரி தீப்பிடிக்கும் என்ற பயம் பொய்யில்லை. நியூயார்க் நகரில் 2023-ஆம் ஆண்டில் மட்டும் லித்தியம் பேட்டரித் தீயில் 18 பேர் இறந்தார்கள். தரச்சான்று இல்லாத மலிவுப் பேட்டரிகளே அங்கே பெரும் கவலையானதால், சான்று பெற்றவற்றை மட்டுமே விற்கலாம் என்று அதே ஆண்டு நகரம் சட்டம் போட்டது. ஆகவே சான்றுள்ள பேட்டரி, அதற்கே உரிய சார்ஜர், வாசற்கதவை மறிக்காத இடம், எல்லாரும் தூங்கும் நேரத்தில் சார்ஜ் போடாமை, இவை நான்கும் கட்டாயம். பிள்ளை ஏறும் வண்டியின் ஃபிரேமிலும் அதே கவனம் வேண்டும். நெதர்லாந்தின் புகழ்பெற்ற பாப்போ நிறுவனத்தின் சரக்கு சைக்கிள்களில் ஃபிரேம் முறிவதாகப் புகார்கள் வந்ததால் 2024 பிப்ரவரியில் அந்நாட்டு அதிகாரிகள் விற்பனையையே நிறுத்தவைத்தார்கள். ஹாலந்திலிருந்து வந்தது என்பதற்காக எதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம், வெல்டிங் இணைப்புகளை நாமே அடிக்கடி துடைத்துப் பார்க்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றிய குழப்பம் நம் நாட்டில் 2021 டிசம்பரில் வந்த விதியால் ஏற்பட்டது. அது சாலையில் மின் ஸ்கூட்டர், ஹோவர்போர்டு, மொபெட் போன்றவற்றைத் தடுத்தது. மிதித்தால்தான் உதவுகிற, 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உள்ளேயே நின்றுவிடுகிற சைக்கிள் வேறு இனம். கைப்பிடியை முறுக்கினால் பறக்கும் வண்டிகளை மின் சைக்கிள் என்ற பெயரில் விற்கிறார்களே, வம்பு அங்கேதான். சிங்கப்பூரில் மின் சைக்கிளைப் பதிவுசெய்ய வேண்டும், எடை 20 கிலோவைத் தாண்டக்கூடாது. அதனாலேயே அங்கே சரக்கு சைக்கிளைக் காண்பது அரிது, "சிங்கப்பூரிலேயே இல்லையே" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஜப்பானில் 2008-இல் சைக்கிளில் இரண்டு பிள்ளைகளை ஏற்றுவதைக் கண்டிப்போடு தடுக்கப் போலீஸ் நினைத்தபோது தாய்மார்கள் எதிர்த்தார்கள். 2009 ஜூலையில், அதற்கென்று பலமாகச் செய்யப்பட்ட சைக்கிளில் இரண்டு பிள்ளைகளை ஏற்றலாம் என்று விதி மாறியது. தேவை முன்னால் போனது, சட்டம் பின்னால் வந்தது.

கடைசியாக ஆபத்து. இதுதான் கனமான வாதம். ஜொகூரில் சைக்கிள் என்றதும் பலர் மனத்தில் வருவது 2017 பிப்ரவரி 18 அன்று விடிகாலை மூன்று மணியளவில் ஜாலான் லிங்காரான் டாலாமில் கார் மோதி எட்டுப் பிள்ளைகள் இறந்த சம்பவம். அந்தத் துயரத்தைப் பெற்றவர்கள் யாரும் மறக்கமாட்டார்கள், மறக்கவும் கூடாது. ஆனால் அவை பிரேக் கழற்றப்பட்ட 'லாஜாக்' சைக்கிள்கள். இருட்டில், வேகச்சாலையில், பெரியவர் துணையில்லாமல் போன பிள்ளைகள். அதையும், டிஸ்க் பிரேக்கும் முன்பின் விளக்கும் உள்ள வண்டியில் காலை ஏழு மணிக்குத் தாமான் சாலையில் தாய் ஓட்டிப்போவதையும் ஒரே பட்டியலில் எழுதுவது நியாயமில்லை. இந்த நாட்டுச் சாலைகளில் இறப்பவர்களில் அறுபது விழுக்காட்டுக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். அந்த மோட்டாரில் பிள்ளையை ஏற்றுவதை யாரும் கேள்வி கேட்பதில்லை. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் விழும்போதுள்ள ஆற்றல் இருபத்தைந்தில் விழும்போது இருப்பதைப்போல ஏறக்குறைய ஆறு மடங்கு.

ஆனால் லோரி உண்மைதான். தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிப்போகும் சாலையில் நான் இந்த வண்டியைக் கொண்டுபோவதில்லை, பொந்தியான் நெடுஞ்சாலையிலும் இல்லை, மற்றவர்களுக்கும் சொல்லமாட்டேன். தாமானிலிருந்து கடைத்தெருவுக்கு வரும்போது பெரிய சாலையைக் குறுக்கே கடக்கும் ஓர் இடத்தில் நான் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறேன். அங்கே பயம் எனக்கும் உண்டு. இந்தப் பயத்துக்கு மருந்து இன்னொரு காடி என்றால், அந்தச் சாலையில் இன்னொரு காடிதான் கூடும், எனக்குப் பின்னால் நடந்து கடக்கும் பாட்டிக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் ஆபத்து இன்னும் ஏறும்.

மலேசியா இதற்கு முன்பு வேறு வழியில் யோசித்த நாடு. 1970களில் கிள்ளான் பள்ளத்தாக்கில் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளோட்டிகள் இறந்தபோது, "காடி வாங்குங்கள்" என்று அவர்களிடம் சொல்லவில்லை. அவர்களுக்கென்று தனிப்பாதை போட்டுக்கொடுத்தது. அந்த வகையில் உலகத்துக்கே அது முன்னோடி. எங்கள் ஊரை நிர்வகிக்கும், 2017 நவம்பரில் மாநகர் தகுதி பெற்ற இஸ்கண்டார் புத்ரியின் மன்றத்திடம் நான் கேட்பது அவ்வளவு பெரியதுகூட இல்லை. தாமான்களிலிருந்து பள்ளிகளுக்கும் பழைய கடைத்தெருவுக்கும் கல்கட்டு வைத்துப் பிரித்த ஒரு குறுகிய பாதை, பெரிய சாலையைக் கடக்கும் இடத்தில் பொத்தான் அழுத்தும் விளக்கு, பள்ளி வாசலில் வண்டியைப் பூட்டிவைக்க நிழலுள்ள இரும்புக் கம்பி வரிசை.